சலமான்கா நாட்குறிப்பு: ஸ்பானிய மொழியில் எழுதக் கற்ற இரண்டு வாரங்கள்

முதல் நாள், ஞாயிறு

மத்ரித் விமான நிலையத்தில் நான் ஏறிய பேருந்து, அறுவடை முடிந்த கோதுமை வயல்களையும் தனித்தனியாக நிற்கும் கருவாலி மரங்களையும் கடந்து, இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாக ஓடிய பின்னர் மாலையில் சலமான்காவை அடைந்தது. ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில், தோர்மெஸ் ஆற்றங்கரையில் அமைந்திருக்கும் இந்த நகரத்தின் பழைய கட்டடங்கள், அருகிலுள்ள வியாமயோர் என்னும் ஊரில் வெட்டியெடுத்த மணற்கல்லால் ஆனவை. வெட்டும்போது செதுக்குவதற்கு இளக்கமாக இருக்கும் அந்தக் கல், காற்றுப் பட்டு இறுகி, தன்னிலுள்ள இரும்பின் காரணமாகப் பொன்னிறம் கொள்கிறது. ஜூலை மாதத்தில் இங்கு இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால், நான் தங்கப்போகும் வீட்டைத் தேடி நடந்தபோது சுவர்கள் எல்லாம் வெயிலை உள்ளே வைத்துக்கொண்டிருப்பதுபோல் தோன்றின.

வந்ததன் நோக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறு ஆண்டுகளாக ஸ்பானியம் படிக்கிறேன். பேச வருகிறது, நாவல்களை அகராதி இல்லாமல் வாசிக்க முடிகிறது. ஆனால் ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு ஒரு பக்கம் எழுதச் சொன்னால், அந்தப் பக்கம் யாரோ பேசுவதை ஒலிப்பதிவு செய்து எழுதியதுபோல் இருக்கிறது. பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் வேறு வேறு என்று அறிந்து வளர்ந்த நாம், இன்னொரு மொழியிலும் அந்த இடைவெளி இருக்கும் என்பதை எளிதாக மறந்துவிடுகிறோம். அந்த இடைவெளியைக் கடப்பதற்காகவே, மேல்நிலை மாணவர்களுக்கான இரண்டு வார எழுத்துப் பயிற்சி வகுப்பில் சேர்ந்திருக்கிறேன்.

பேருந்தின் சாமான் அறையிலிருந்து எடுத்தபோது என் பெட்டியின் சக்கரம் ஒன்று உடைந்திருந்தது. ஓட்டுநர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். மூன்று சக்கரங்களோடு கல் பாவிய தெருக்களில் அதை இழுத்துவந்தேன்.

இரண்டாம் நாள், திங்கள்

காலையில் தகுதி காண் கட்டுரை: இங்கு வந்து சேர்ந்த விதத்தை 250 சொற்களில் எழுத வேண்டும். மதியத்துக்கு முன்பே தாள் திரும்பி வந்தது. சொற்பிழை அதிகம் இல்லை. பால் வேறுபாடும் ஒருமை பன்மையும் சரியாகவே இருந்தன. ஆனால் தாள் முழுவதும் பதினொரு சிவப்பு வட்டங்கள் இருந்தன. பதினொன்றும் ஒரே வகைச் சொல்லைச் சுற்றி வரையப்பட்டவை.

அந்தச் சொல்வகைக்கு ஸ்பானிய இலக்கணத்தில் ஹெருந்தியோ என்று பெயர். 'யெகாந்தோ', 'கோம்ப்ராந்தோ' என்று முடியும் வினை வடிவம் அது. நான் எழுதியிருந்த வாக்கியம் இது: "யெகாந்தோ அ லா எஸ்தாசியோன், கோம்ப்ராந்தோ எல் பியேதே, சுபியேந்தோ அல் அவுதோபூஸ், மே சென்தே." நான் சொல்ல நினைத்தது, "நிலையத்துக்கு வந்து, பயணச்சீட்டு வாங்கி, பேருந்தில் ஏறி, உட்கார்ந்தேன்" என்பது. ஆசிரியை என் மேசை அருகே வந்து நின்று மிகவும் அமைதியாகக் கேட்டார்: "இந்த நான்கையும் ஒரே நேரத்தில் செய்தீர்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வந்து, வாங்கி, ஏறி என்ற நம்முடைய வினையெச்சங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்தவற்றைக் கோத்துக்கொண்டே போகும்; கடைசியில் ஒரே ஒரு முற்றுவினை வந்து எல்லாவற்றையும் கட்டி முடிக்கும். ஸ்பானியத்தின் ஹெருந்தியோ பார்ப்பதற்கு வினையெச்சம்போல் இருந்தாலும், அதன் இயல்பான வேலை தலைமை வினையோடு கூடவே நடப்பதைச் சொல்வது. 'பாடிக்கொண்டே நடந்தான்' என்பதில் வரும் 'பாடிக்கொண்டே'தான் அதற்கு நெருங்கிய உறவு. ஆறு ஆண்டுகளாக நான் வினையெச்சத்துக்கு ஸ்பானியச் சட்டை போட்டு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். பேச்சில் யாரும் அதைத் திருத்தவில்லை, ஏனென்றால் பேச்சில் பொருள் விளங்கிவிடுகிறது.

மூன்றாம் நாள், செவ்வாய்

ஹெருந்தியோவுக்கே இன்றைய வகுப்பு முழுவதும் சென்றது. ஒரு செயல் நடந்து முடிந்த பிறகு நிகழ்ந்ததை ஹெருந்தியோவால் சொல்வதை ஸ்பானிய நடைக்கையேடுகள் பிழை என்கின்றன. "திருடன் தப்பியோடினான், சில மணி நேரத்துக்குப் பின் பிடிபட்டு" என்ற அமைப்பில் செய்தித்தாள்களில் வரும் வாக்கியங்களை ஆசிரியை கரும்பலகையில் எழுதி, நாங்களே திருத்தும்படி கேட்டார். திருத்தும் வழிகள் பல: இரண்டு முற்றுவினைகளை 'இ' என்ற இணைப்புச் சொல்லால் சேர்க்கலாம், முன்னால் நடந்ததை 'அல்' என்று தொடங்கிப் பெயர்ப்படுத்தலாம், வாக்கியத்தை இரண்டாக வெட்டலாம். எந்த வழியைத் தேர்ந்தாலும், ஒவ்வொரு செயலும் தனக்குரிய காலத்தோடும் தனக்குரிய ஆளோடும் நிற்க வேண்டும்.

என் பதினொரு வாக்கியங்களையும் மாலை முழுவதும் மாற்றி எழுதினேன். எழுதி முடித்தபோது வாக்கியங்கள் குட்டையாகிவிட்டன. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்பானியம் நீண்ட வாக்கியத்தை வெறுக்கும் மொழி அல்ல. 'கே', 'கோமோ', 'புயெஸ்தோ கே' என்ற இணைப்புச் சொற்களின் தோளில் கிளைகளை ஏற்றிக்கொண்டு ஐந்தாறு வரி ஓடும் வாக்கியங்கள் அதன் நல்ல உரைநடையில் நிறைய உண்டு. நான் கற்க வேண்டியது வாக்கியத்தை வெட்டுவது அல்ல. வேறு தையலில் தைப்பது.

நான்காம் நாள், புதன்

இன்று முறைசார்ந்த கடிதம். கற்பனைக் கடிதம் வேண்டாம், உண்மையான காரணம் உள்ளவர்கள் அதையே எழுதலாம் என்று ஆசிரியை சொன்னதும், உடைந்த சக்கரத்தைப் பற்றிப் பேருந்து நிறுவனத்துக்கு எழுத உட்கார்ந்தேன்.

முதல் பாடம் முதல் வரியிலேயே கிடைத்தது. 'எஸ்திமாதோ செஞோர்', அதாவது 'மதிப்புக்குரிய ஐயா' என்ற விளிக்குப் பின் நான் காற்புள்ளி இட்டிருந்தேன். ஸ்பானியத்தில் அங்கே முக்காற்புள்ளி இட்டு, அடுத்த வரியைப் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும். காற்புள்ளி இடுவது ஆங்கிலக் கடிதத்தின் வழக்கம். ஸ்பானியர்களே இப்போது அதிகமாக அப்படி எழுதுகிறார்கள் என்றாலும், எழுத்துமுறை நூல் அதை ஏற்பதில்லை. மாதங்களுக்கும் கிழமைகளுக்கும் பெரிய எழுத்து இல்லை என்பதையும் சேர்த்து நினைவுபடுத்தினார்.

இரண்டாம் பாடம் ஆழமானது. மன்னிப்புக் கேட்டு, தயக்கம் காட்டி, அவர்களுடைய நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு வருந்தி, மூன்றாவது பத்தியில்தான் நான் சக்கரத்துக்கு வந்திருந்தேன். "மே தீரிஹோ அ உஸ்தேதெஸ் பாரா", அதாவது 'தங்களுக்கு எழுதுவதன் நோக்கம்' என்று தொடங்கி, எதற்காக எழுதுகிறேன் என்பதை அந்த வாக்கியத்திலேயே முடித்துவிட வேண்டும் என்றார். நாள், பயண நேரம், நடந்தது, கேட்பது ஆகியவை வரிசையாக வர வேண்டும். மரியாதை முழுவதும் 'உஸ்தேத்' என்ற முன்னிலையிலும் அதற்குரிய படர்க்கை வினையிலும் ஏற்கெனவே அடங்கியிருப்பதால், அதைத் தனியாகக் குவிக்கத் தேவையில்லை. 'உஸ்தேத்' என்பதே 'வுயெஸ்த்ரா மெர்செத்', அதாவது 'தங்கள் கருணை' என்ற பழைய விளி தேய்ந்து உருவான சொல் என்று அறிந்தபோது, அதற்குப் படர்க்கை வினை வருவதன் காரணமும் விளங்கியது. 'தாங்கள்' என்று எழுதும்போது நாமும் ஒருவரை நேரே சுட்டாமல் சற்று விலகி நின்றே பேசுகிறோம்.

நான்கு பத்தி இரண்டானது. கடிதத்தை அஞ்சலில் சேர்த்துவிட்டேன்.

ஐந்தாம் நாள், வியாழன்

நிறுத்தக்குறிகள். எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையில் காற்புள்ளி இடக்கூடாது, எழுவாய் எவ்வளவு நீளமானாலும் சரி. மூச்சு வாங்கும் இடத்தில் காற்புள்ளி இடுவது என் பழக்கம். இங்கு மூச்சுக்கு அந்த உரிமை இல்லை.

தலைகீழ்க் கேள்விக்குறியின் நுட்பத்தை இன்றுதான் முழுமையாக உணர்ந்தேன். ஸ்பானிய மொழியைக் கண்காணிக்கும் அரச கழகம் 1754இல் வெளியிட்ட எழுத்துமுறை நூலில் பரிந்துரைத்த குறி அது. ஸ்பானியத்தில் ஒரு வாக்கியத்தைக் கேள்வியாக்கச் சொல் வரிசையை மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லாததால், நீண்ட வாக்கியத்தில் கடைசிவரை வந்த பிறகே அது கேள்வி என்று வாசகருக்குத் தெரியும். அதைத் தவிர்ப்பதற்காகத் தொடக்கத்திலும் ஒரு குறி வேண்டியிருந்தது. அந்தக் குறி வாக்கியத்தின் தொடக்கத்தில் அல்ல, கேள்வியின் தொடக்கத்தில் நிற்கும். 'மழை பெய்தால்' என்ற பகுதியை வெளியே விட்டு, 'என்ன செய்வோம்' என்பதற்கு முன்னால் அது வருகிறது. எங்கிருந்து கேட்கத் தொடங்குகிறேன் என்று எழுதுபவர் முடிவு செய்தாக வேண்டும்.

ஆறாம் நாள், வெள்ளி

வகுப்பு காலையோடு முடிந்ததால் பழைய பல்கலைக்கழகத்துக்குப் போனேன். லெயோன் அரசர் ஒன்பதாம் அல்ஃபோன்ஸோ 1218இல் நிறுவிய இது, இன்றும் இயங்கும் ஸ்பானியப் பல்கலைக்கழகங்களில் மிகப் பழமையானது. வாயில் முகப்பில், மண்டையோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் சிறு தவளைச் சிற்பத்தைத் தேடிக் கூட்டம் அண்ணாந்து நின்றது. தேர்ச்சி பெற்ற முனைவர்கள் முற்காலத்தில் சுவரில் சிவப்பு வண்ணத்தால் எழுதிவைத்த வெற்றிக் குறிகளும் பெயர்களும் இன்னும் மங்காமல் இருக்கின்றன.

நான் பார்க்க வந்தது ஃப்ராய் லூயிஸ் தெ லெயோனின் வகுப்பறை. முரடாக வெட்டிய அடையாளம் மாறாத மரத் துண்டங்களே அங்கு இருக்கைகள். மாணவர்கள் கீறிய எழுத்துகள் அவற்றின் மேல் விரல் வைத்தால் தட்டுப்படும் அளவுக்கு ஆழமாக உள்ளன. கவிஞரும் இறையியல் பேராசிரியருமான அவர், எபிரேய மூலத்துக்கு முதன்மை தந்ததற்காகவும் பைபிளின் உன்னதப்பாட்டை ஸ்பானியத்தில் பெயர்த்ததற்காகவும் 1572இல் சமய விசாரணை மன்றத்தால் கைது செய்யப்பட்டு, 1576 இறுதிவரை வல்யதோலித் நகரில் சிறையில் இருந்தார். விடுதலையாகித் திரும்பி வந்து வகுப்பைத் தொடங்கியபோது அவர் "தெசியாமோஸ் அயேர்" என்று ஆரம்பித்ததாக ஒரு மரபுக் கதை உண்டு. கதைக்குச் சான்று இல்லை. ஆனாலும் அந்த இரண்டு சொற்களில் இருக்கும் இலக்கணத்துக்காகவே நான் அந்த அறையில் நெடுநேரம் நின்றேன். 'தெசியாமோஸ்' என்பது முடிந்துபோன இறந்தகாலம் அல்ல, தொடர்ந்துகொண்டிருந்த இறந்தகாலம். 'திஹிமோஸ் அயேர்' என்றால் "நேற்றுச் சொன்னோம்", அதோடு முடிந்தது. 'தெசியாமோஸ் அயேர்' என்றால் "நேற்று நாம் சொல்லிக்கொண்டிருந்தோம்". நான்கு ஆண்டுகளுக்கும் மேலான சிறை வாக்கியத்தின் நடுவில் வந்த ஓர் இடைவெளியாகச் சுருங்கிவிடுகிறது. எந்தக் காலத்தில் எழுதுவது என்று நான் தடுமாறும் ஒவ்வொரு முறையும் இனி இந்த வினை என் முன் வந்து நிற்கும்.

இதே பல்கலைக்கழகத்தில் கற்பித்த அந்தோனியோ தெ நெப்ரீஹாவின் ஸ்பானிய இலக்கணம் 1492 ஆகஸ்ட் 18 அன்று இந்த நகரில்தான் அச்சாகி முடிந்தது. இசபெல் அரசிக்குக் காணிக்கையாக்கப்பட்ட அந்நூலுக்கு முன்னால் ஸ்பெயினில் இலக்கணம் என்றாலே பெரும்பாலும் லத்தீன் இலக்கணம்தான். பேசுகிறபடி எழுதவும், எழுதுகிறபடி பேசவும் வேண்டும் என்பது எழுத்துமுறை பற்றிய அவருடைய கொள்கை. ஸ்பானியத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பது இன்று இவ்வளவு எளிதாக இருப்பதை நினைக்கும்போது அவருக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

எட்டாம் நாள், ஞாயிறு

நேற்று முழுவதும் உறக்கமும் துணி துவைப்பும். இன்று மதியம் வீட்டுக்கார அம்மாள் உருளைக்கிழங்கு முட்டை அடை, அதாவது தோர்த்தியா செய்தார். அதை அருகில் நின்று பார்த்து, ஒரு செய்முறைக் கட்டுரையாக எழுதி வருவது எனக்குத் தரப்பட்ட வாரயிறுதிப் பணி. எழுபது வயது தாண்டிய அவரை நான் 'உஸ்தேத்' என்றே அழைக்கிறேன். அவர் "என்னை 'தூ' என்று சொல்லு, பிள்ளை" என்று நாள்தோறும் சொல்கிறார்; 'தூ' என்றால் 'நீ', எனக்கு நா எழவில்லை.

உருளைக்கிழங்கை அவர் பலகையில் வைத்து நறுக்குவதில்லை. கையில் பிடித்தபடியே சிறு கத்தியால் மெல்லிய சில்லுகளாகச் சீவி, நேராக எண்ணெய்ச் சட்டியில் விழவிடுகிறார். எண்ணெய் நிறைய, தீ மிகக் குறைவு. பொரியும் ஓசை பெரிதாகிவிட்டால் தீயைத் தணிக்கிறார். வெந்த கிழங்கையும் வெங்காயத்தையும் வடித்து, அடித்துவைத்த முட்டையில் கொட்டிவிட்டு, கால் மணி நேரம் அதைத் தொடவே இல்லை. பிறகு சட்டியின் மேல் ஒரு தட்டை வைத்து, உள்ளங்கையால் அழுத்தி, ஒரே வீச்சில் கவிழ்த்து, அடையை மீண்டும் சட்டிக்குள் வழுக்கிவிட்டார்.

இப்போது நான் எழுதியதைப் பாருங்கள்: சீவி, வடித்து, அழுத்தி, கவிழ்த்து. ஒரு தமிழ்ச் சமையல் குறிப்பு வினையெச்சம் இல்லாமல் இரண்டு வரிகூட நகராது. ஸ்பானியத்தில் 'சே பேலான்', 'சே கோர்த்தான்', 'சே ஃப்ரியேன்' என்று ஒவ்வொன்றும் முழு வினை: தோல் சீவப்படுகின்றன, நறுக்கப்படுகின்றன, பொரிக்கப்படுகின்றன. முதல் வரைவை முடிக்க மூன்று மணி நேரம் ஆனது. ஹெருந்தியோ ஒன்றுகூட இல்லை என்று மூன்று முறை எண்ணிப் பார்த்தேன்.

ஒன்பதாம் நாள், திங்கள்

'சுப்ஹுந்தீவோ' என்னும் வினைப்பாங்கு, ஸ்பானியம் கற்பவர்கள் எல்லோரும் அஞ்சும் இடம். இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு: ஆங்கிலத்தின் வழியாக இதை அணுகுவதால்தான் நமக்குக் கடினமாக இருக்கிறது, தமிழின் வழியாக வந்தால் பாதித் தூரம் குறைகிறது.

'அவுன்கே யுயேவே' என்பதும் 'அவுன்கே யுயேவா' என்பதும் ஓரெழுத்தில் வேறுபடுகின்றன. முதலாவது, "மழை பெய்கிறது, என்றாலும் போகிறேன்". மழையை ஒரு செய்தியாக நான் அறிவிக்கிறேன். இரண்டாவதுதான் சுப்ஹுந்தீவோ: "மழை பெய்தாலும் போவேன்". மழை உண்மையா இல்லையா என்று நான் உறுதி கூறவில்லை, அல்லது உண்மையே ஆனாலும் அது என் முடிவைத் தொடாது என்கிறேன். அதேபோல், 'இதை விளக்குகிற புத்தகத்தைத் தேடுகிறேன்' என்றால் புத்தகம் எங்கோ இருக்கிறது, பெயர் தெரியும். 'இதை விளக்கக்கூடிய புத்தகம் ஒன்றைத் தேடுகிறேன்' என்றால் அப்படி ஒன்று இருக்கிறதா என்றே தெரியாது. ஸ்பானியத்தில் 'எக்ஸ்ப்ளீகா', 'எக்ஸ்ப்ளீகே' என்ற வேறுபாடு அவ்வளவுதான்.

வாதக் கட்டுரை எழுதும்போது இதன் பயன் பெரிது. எதிர்த்தரப்பின் கூற்றை 'அவுன்கே' என்று தொடங்கி ஏற்கும்போது, எந்த வினைப்பாங்கைத் தேர்கிறேனோ அதைப் பொறுத்து நான் அதை முழுமையாக ஒப்புக்கொள்கிறேனா, வாதத்துக்காக மட்டும் விட்டுக்கொடுக்கிறேனா என்பது வாசகருக்குத் தெரிந்துவிடும். என் பழைய கட்டுரைகளை இன்றிரவு எடுத்துப் பார்த்தேன். நான் ஏற்காத கருத்துகளையெல்லாம் ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறேன்.

பதினோராம் நாள், புதன்

'கோசா' என்ற சொல்லுக்கு வகுப்பில் ஒரு வாரத் தடை. 'விஷயம்', 'சமாச்சாரம்' என்று எதற்கும் நாம் சொல்வதுபோல் எதற்கும் பொருந்தும் சொல் அது. 'ஆசேர்' என்ற வினைக்கும் அதே கதி. உரையைச் 'செய்ய' முடியாது, 'ப்ரோனுன்சியார்' என்று எழுத வேண்டும், பிழைக்குக் 'கொமெதேர்', கேள்விக்குப் பேச்சில் 'ஆசேர்' போதும், எழுத்தில் 'ஃபொர்முலார்' நன்று. உரை நிகழ்த்துகிறோம், பிழை இழைக்கிறோம், வினா எழுப்புகிறோம், போர் தொடுக்கிறோம் என்று பெயருக்கேற்ற வினையைத் தேர்ந்து எழுதப் பழகிய நமக்கு இந்தப் பாடம் மகிழ்ச்சி தருவது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் இரு மொழிச் சோடிகளையும் எதிரெதிரே எழுதத் தொடங்கி நாற்பதைத் தாண்டிவிட்டேன்.

வீட்டில் குளிர்பெட்டியின் மேல் அம்மாள் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டில் 'சோலோ' என்ற சொல் அழுத்தக்குறியோடு இருந்தது. 'மட்டும்' என்ற பொருளில் வரும்போது அந்தக் குறி தேவையில்லை என்று அரச கழகம் 2010இல் அறிவுறுத்தியது. எழுத்தாளர்கள் பலர் ஏற்க மறுத்தனர். பொருள் மயக்கம் நேரும் என்று எழுதுபவர் கருதினால் இடலாம் என்று 2023இல் விளக்கம் வந்தது. அம்மாளிடம் சொன்னேன். "பள்ளிக்கூடத்தில் கற்றுத்தந்தபடி எழுதுகிறேன்" என்றார். ஓர் எழுத்தின் மேல் விழும் ஒரு சிறு கோட்டுக்காக ஒரு நாடு பதின்மூன்று ஆண்டுகள் வாதாடியது என்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பன்னிரண்டாம் நாள், வியாழன்

காசா தெ லாஸ் கோன்ச்சாஸ் மாளிகை இப்போது பொது நூலகம். வெளிச்சுவர் முழுவதும் முந்நூறுக்கும் மேற்பட்ட கல் சிப்பிகள். அதன் வாசிப்பறையில் தோர்த்தியாக் கட்டுரையை நான்காம் முறையாகத் திருத்தினேன். வேறு எங்கும் போகவில்லை.

பதின்மூன்றாம் நாள், வெள்ளி

கடைசி வகுப்பு. கட்டுரை திரும்பி வந்தது. சிவப்பு வட்டம் ஒன்றே ஒன்று, அதுவும் ஒரு ஹெருந்தியோவைச் சுற்றி: தட்டைக் கவிழ்க்கும் இடத்தில், 'உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே' என்பதற்கு 'ப்ரெசியோனாந்தோ' என்று நானே தெரிந்து எழுதியது, கடைசி வரைவில் துணிந்து சேர்த்தது. வட்டத்துக்குப் பக்கத்தில் "இது சரி" என்று இருந்தது. அழுத்துவதும் கவிழ்ப்பதும் அங்கே உண்மையிலேயே ஒரே நேரத்தில் நடக்கின்றன.

தாளின் அடியில் இன்னொரு வரி இருந்தது: "¿இ எல் ஓலோர்?" வாசனை எங்கே?

கட்டுரையைத் திரும்பப் படித்தேன். கிழங்கின் தடிமன் இருந்தது, தீயின் அளவு இருந்தது, கால் மணி நேரம் காத்திருந்தது இருந்தது. வினைகள் எல்லாம் அதனதன் காலத்தில் நின்றன. அந்தச் சமையலறையில் எந்த வாசனையும் இல்லை. பன்னிரண்டு நாட்களாக வாக்கியத்தைக் காவல் காத்ததில், நான் நின்றுகொண்டிருந்த இடத்தை மறந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அம்மாளிடம் கேட்டேன். நாளை காலை எனக்குப் பேருந்து என்பதால் வழிக்குக் கட்டித்தர ஒரு தோர்த்தியா செய்வதாக ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். இரவு ஒன்பது மணி வெயிலில் சன்னல் திறந்திருந்தது. ஒலிவ எண்ணெய் சூடேறும்போது பச்சைப் புல்லை நசுக்கியதுபோல் ஒரு மணம் வந்தது. வெங்காயம் விழுந்ததும் அது மறைந்து, சிறிது நேரத்தில் வெங்காயத்தின் காரம் அடங்கி இனிப்பாகியது. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, வெங்காயத்துக்கு எந்த வினை பொருந்தும், மணத்துக்கு எந்த இறந்தகாலம் பொருந்தும் என்று ஒவ்வொன்றாக எழுதி அடித்துக்கொண்டிருந்தேன். 'ஓலியா' என்று எழுதினேன்: மணந்துகொண்டிருந்தது. அந்தச் சொல்லை அடிக்கவில்லை.